சர்வருக்குப் பொட்டு வைத்த வாரம்

3 அக்டோபர் 2008, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் இருக்கிறது, மழை இல்லை. ஸ்கூட்டியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் லாரிப் புழுதி முழுவதும் முகத்தில்.

செய்ய வேண்டியவை:
– புதிதாகச் சேர்ந்த மூவருக்கு யூசர் கணக்கு. (முடிந்தது. ஒரு வரிக் கட்டளை, மூன்று முறை.)
– வேலையை விட்டுப் போன இருவரை நீக்க. (முடிந்தது.)
– 12ஆம் எண் கணினி மெதுவாக இருக்கிறதாம். (இல்லை. அதில் உட்கார்ந்திருப்பவர் மெதுவாக இருக்கிறார்.)
– கண்ணாடிக் கடை. பவர் கூடியிருக்கிறது.
– பால் நாளை முதல் அரை லிட்டர் போதும்.

புதியவர்களுக்கு வழக்கமான பிரசங்கம். உங்கள் மேசையில் இருப்பது திரை, கீபோர்டு, புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். உங்கள் கணினி என் அறையில் இருக்கும் சர்வருக்குள் ஓடுகிறது. இதே போல நாற்பது. மாலையில் லாக்-ஆஃப் செய்தால் அது அணையும். மறுபடி எழும்போது பழையதை வீசிவிட்டு மூலப் பிரதியிலிருந்து புத்தம் புதிதாக எழும். ஆகவே திரையில் எதையும் போட்டுவைக்காதீர்கள். எல்லாம் பி டிரைவில். பி டிரைவ் மட்டும்தான் அழியாது.

மூவரும் தலையாட்டினார்கள். ஒருவருக்குத்தான் புரிந்தது. நாளை ஒருவர் அழுவார், அதற்குப் பிறகு மூவருக்கும் புரிந்துவிடும். ஜனவரியில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது முழு அலுவலகமும் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

மேனேஜர் குணா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மவுசுலயே எல்லாத்தையும் பண்ணலாம்னு சப்ளையர் சொன்னாரே மேடம். நீங்க ஏன் இன்னும் டைப் அடிச்சிட்டு கெடக்கறீங்க?"

"மவுசுல பண்ணா நாப்பது தடவ பண்ணணும். இதுல ஒரு தடவ."

"அப்ப தப்பு பண்ணாலும் நாப்பது பேருக்கும் ஒரே தடவைல ஆவும்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கேள்வி ஓரளவு நியாயமானது.

4 அக்., சனி

கண்ணாடிக் கடை மூடியிருந்தது.

எதிர்பார்த்தபடி புதியவர்களில் ஒருத்தி காலையிலேயே அழுதுவிட்டாள். நேற்று மதியம் முதல் அடித்தது போயிற்று.

மதியம் மதாம் லூசி என் அறைக்கு வந்தார், ஏ.சி.யில் ஐந்து நிமிடம் நிற்க. அறுபத்திரண்டு வயது. பிரெஞ்சுக் குடியுரிமை. கணவர் அந்த நாட்டு ராணுவத்தில் இருந்து காலமானவர், பென்ஷன் வருகிறது. எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருக்கிறார். தமிழில் இருக்கும் பிறப்பு, கல்யாண, சொத்துப் பத்திரங்களைப் பிரெஞ்சில் எழுதுவது வேலை. இருபது வயதுப் பிள்ளைகள் மூவர் சேர்ந்து செய்வதை ஒருவராகச் செய்வார், கூடவே அந்த மூவரையும் திட்டுவார்.

இப்போது இருபத்தாறு குடும்பங்களின் குடியுரிமைக் கோப்பு அவரிடம். வரும் 13ஆம் தேதி வக்கீலின் ஆளிடம் கொடுக்க வேண்டும்.

போகும்போது சொன்னது: "உன் மிஷின் நல்ல வளர்ப்புமா. சாயங்காலம் நான் விட்ட எடத்துலயே காலைல காத்துக்கிட்டு இருக்குது."

எனக்குப் பாராட்டு வருவது அபூர்வம். குறித்து வைக்கிறேன்.

6 அக்., திங்கள்

தூறல், பத்து நிமிடம். தரை கூட நனையவில்லை.

காலைக் கூட்டம். குணா அறிவித்தார்: நாளை மாலை ஐந்து மணிக்கு ஆயுத பூஜை. புதன் விடுமுறை. வியாழன் விஜயதசமி, காலை 9.15 நல்ல நேரம், முதலாளியே வந்து தொடங்கி வைப்பார். "எல்லா மிஷினும் நிக்கணும். யூ.பி.எஸ்., ஏ.சி., சர்வர் எல்லாம்."

"சர்வரையுமா?" என்றேன்.

"பக்கத்து கம்பெனில லேத்தையே நிறுத்திட்டுதான் பொட்டு வெக்கறாங்க மேடம். உங்க சர்வர் இன்னா அதைவிட ஒசத்தியா?"

"லேத்துக்கு ஞாபகம் கெடையாது. இதுக்கு உண்டு."

"ஒரு நாள் அதுவும் தூங்கட்டும் மேடம்."

பெண்கள் சிரித்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பூஜையில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. ஜனவரி முதல் ஒருமுறைகூட அணைக்காத சர்வரை முறையாக நிறுத்தி எழுப்பிப் பார்ப்பது நல்லதுதான். ஒரே நிபந்தனை வைத்தேன்: சந்தனம் காற்றோட்டத் துளைகளின் மேல் கூடாது.

வீட்டில் ரசம், அப்பளம். தங்கை விழுப்புரத்திலிருந்து போன். அவள் மாமியாரைப் பற்றி நாற்பது நிமிடம். நான் பேசியது மொத்தம் ஆறு வார்த்தை இருக்கும்.

7 அக்., செவ்வாய்

மூன்றரைக்கு எல்லாரையும் கணினியிலிருந்து வெளியேறச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். நாலு பத்துக்கு இன்னும் யார் உள்ளே என்று பட்டியல் எடுத்தேன். வழக்கம்போல நோட்டில் கையால் ஒரு நகல்:

1 முதல் 30 வரை – காலி
31 – லூசி. நுழைந்த நாள் ஜன. 17
32 முதல் 40 வரை – காலி

அந்த 31 பலமுறை கண்ணில் பட்டிருக்கிறது. ஏதோ சிக்கிக்கொண்ட பழைய பதிவு என்று விட்டு வைத்திருந்தேன். 264 நாள் யாராவது வெளியேறாமல் இருப்பார்களா?

வரிசை: முதலில், கணினிகளைத் தானாக எழுப்பும் சேவையை நிறுத்தினேன். (இல்லாவிட்டால் நான் அணைக்க அணைக்க அது எழுப்பிக்கொண்டே இருக்கும்.) பிறகு 31ஐ வலுக்கட்டாயமாக வெளியேற்றினேன். ஒரு வரி. பிறகு சர்வர். நாலு இருபதுக்கு விசிறிச் சத்தம் நின்றது. ஒன்பது மாதத்தில் முதல் முறையாக என் அறையில் என் கைக்கடிகாரச் சத்தம் கேட்டது.

பூஜை நன்றாகவே நடந்தது. சர்வர் பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், மேலே சாமந்தி மாலை. நான்கு மூலையிலும் எலுமிச்சை. முதலாளி வீட்டம்மா யூ.பி.எஸ்.க்கும் பொட்டு வைத்தார். கடைசியில் அறையைப் பூட்டிச் சாவியைத் தாம்பாளத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொரி, கடலை, வெல்லம். மதாம் லூசி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார். "ஒண்ணு பக்கத்து வீட்டு நாய்க்கு. அதுக்கும் ஆயுதம் இருக்குதுல்ல, பல்லு."

பேச்சுக்குச் சொன்னேன்: "மதாம், உங்க பேர்ல ஒரு செஷன் ஜனவரிலேர்ந்து மூடாமலே கெடந்துச்சு. இன்னிக்கு நான் மூடிட்டேன்."

"மூடினா மூடு. வியாழக்கெழம தெறந்தா அப்படியே வரும்ல?"

"எது?"

"என் இருவத்தாறு குடும்பமும். திரை மேலதானே அடுக்கி வெச்சிருக்கேன்."

"பி டிரைவ்லயும் போட்டிருக்கீங்கல்ல?"

"அது இன்னாது?"

வாயிலிருந்த பொரியை மென்று முடித்தேன்.

"சாயங்காலம் போறப்ப எப்படி மூடுவீங்க மதாம்?"

"பெட்டி பின்னால சுவிட்சு இருக்குதே. ஃபேன் அணைக்கற மாதிரி ஒரு தட்டு."

அவ்வளவுதான் விஷயம். பெட்டியை அணைத்தால் திரைதான் போகும். கணினி சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் பெட்டியைப் போட்டால் விட்ட இடத்திலேயே. 264 நாள் அவர் வெளியேறவே இல்லை. அவருடைய கணினி ஒருமுறைகூடப் புதிதாக எழவில்லை. மற்ற எல்லாரும் முதல் நாளே இழந்து கற்றுக்கொண்டதை அவர் இழக்கவே இல்லை, அதனால் கற்கவும் இல்லை.

"ஏன்மா மூஞ்சி அப்படிப் போவுது?"

"ஒண்ணுமில்ல மதாம். கண்ணாடி மாத்தணும்."

8 அக்., புதன். விடுமுறை

மழை. சரியான மழை, ஆறு மணியிலிருந்து.

நிலவரத்தை நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

– 31ஆம் கணினி அணைந்திருக்கிறது. ஆனால் இன்னும் எழவில்லை. பழைய வட்டு சர்வரில் அப்படியே இருக்கிறது.
– நாளை சர்வரைப் போட்டால், எழுப்பும் சேவை தானாக ஓடும். நாற்பதையும் எழுப்பும். எழும்போது பழையதை வீசும். இரண்டு நிமிட வேலை.
– ஆகவே சர்வர் எழ வேண்டும், சேவை எழக் கூடாது.

சப்ளையரின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு இளைஞர். "மூலப் பிரதிலேர்ந்து எழற மிஷின்னா பழசு போயிடும் மேடம். டிசைனே அப்படி. ரெக்கவர் பண்ண ஆப்ஷனே கெடையாது." எந்த மெனுவில் தேடினீர்கள் என்று கேட்டேன். எல்லா மெனுவிலும் என்றார். மெனுவில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கிற பிள்ளை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு குணாவுக்கு. விஷயத்தைச் சொன்னேன், இன்றே அறையைத் திறக்க முடியுமா என்று கேட்டேன்.

"சாவி சார் வீட்டுப் பூசைத் தட்டுல இருக்கு மேடம். நாளைக்கு ஒம்பதே காலுக்கு அவருதான் சுவிட்சு போடணும். முன்னாடி தொட்டா அபசகுனம்னுவாரு."

"இருவத்தாறு கோப்பு போறது?"

"அய்யோ, திங்கக்கெழம குடுக்கணுமே! இந்தம்மாவுக்கு எத்தினி தடவ சொல்றது? சர்க்குலர படிக்கறதே இல்ல."

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. நானும் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். மதியம் வரை.

மழை விட்டதும் வைத்திக்குப்பம் பக்கம் நடந்தேன். படகுகளுக்கெல்லாம் மாலை, சந்தனம். மீன்காரி அஞ்சலையிடம் ஒரு கூடை மீன் மட்டும்.

"இன்னாக்கா, பூசை நாள்ல மீனு கேக்கற?"

"நீ விக்கற, நான் கேக்கறேன்."

"எங்க போட்டெல்லாம் தூங்குது. இது நேத்து மீனு. உனுக்குக் குடுக்கமாட்டேன், போ."

வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் வதக்கினேன். பிறகு ஜனவரி மாதக் கோப்பை எடுத்தேன். எழுதிய ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். மதாம் லூசிக்கு பி டிரைவில் இடம் எவ்வளவு என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

இடமே இல்லை.

நிரந்தர ஊழியர்களுக்கு ஒரு வரி, ஒப்பந்த ஊழியர்களுக்கு இன்னொரு வரி. இரண்டாவது வரியில், பெயருக்கு முன்னால் ஒரு கோடும் பெரிய எழுத்தில் ஓர் எம்மும். "இவருக்குச் சொந்த இடம் உருவாக்காதே" என்று அர்த்தம். சோதனைக்காகப் போட்டது. எடுக்க மறந்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பி டிரைவ் இல்லாமலே கணக்கு.

இப்போது ஞாபகம் வருகிறது. முதல் வாரத்தில் எட்டுப் பேர் ஒவ்வொருவராக வந்து கத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் கையால் இடம் திறந்து கொடுத்தேன். "ஏதோ விட்டுப்போயிருக்கு" என்றும் சொன்னேன். ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒன்பதாவது ஆள் கத்தவில்லை, அவர் எதையும் இழக்காததால்.

ஜனவரியில் நான் அனுப்பிய அந்தச் சர்க்குலரையும் எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு எழுதுகிறவருக்கு. படித்திருந்தாலும், இல்லாத டிரைவில் எப்படிப் போட்டிருப்பார்?

கோபம் போயிற்று. வேறு ஒன்று வந்தது. அதற்கு இங்கே பெயர் எழுதப்போவதில்லை.

நாளைக்கு:
– எக்ஸ்டர்னல் டிஸ்க் (வீட்டில் இருப்பது, காலி செய்தாயிற்று)
– இந்த நோட்டு
– சுவிட்சு போட்டதும் ஐந்து விநாடி. அதற்குள் ஒரு விசையைத் தட்ட வேண்டும். தட்டினால் சர்வர் எந்தச் சேவையையும் எழுப்பாமல் கறுப்புத் திரையோடு எனக்காக நிற்கும். தவறவிட்டால் முடிந்தது.

ஐந்து விநாடி என்று வைத்ததும் நான்தான். முப்பது வைத்திருக்கலாம். காத்திருப்பது பிடிக்காது எனக்கு.

9 அக்., வியாழன். விஜயதசமி

எட்டே முக்காலுக்குப் போனேன். வாசலில் பூசணிக்காய் உடைத்த இடத்தில் காக்கைகள். முதலாளி ஒன்பதுக்கு வந்தார், பட்டு வேட்டி. எழுபது வயது, குரல் மட்டும் நாற்பது. கற்பூரம் காட்டினார்கள். நான் சர்வருக்கு எதிரில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தேன். குணா காதருகில்: "எழுந்து நில்லுங்க மேடம், சார் நிக்கறாரு."

"நான் எழுந்தா அது விழுந்துடும்."

நகர்ந்துவிட்டார்.

9.15. முதலாளி சுவிட்சைத் தொட்டுக் கும்பிட்டுப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். விசிறி எழுந்தது. திரையில் முதல் எழுத்துகள். ஐந்து, நாலு. தட்டினேன். நின்றது. தொடக்க வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்த்து விட்டேன்: சேவை எதையும் எழுப்பாதே. கறுப்புத் திரை, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது.

"எழுந்துடுச்சா?" முதலாளி.

"எழுந்துடுச்சு சார். இன்னும் யாரையும் எழுப்பல."

"ஏன்?"

"ஒருத்தர் சாமான் உள்ள மாட்டிக்கிச்சு. எடுத்துட்டு எழுப்பறேன்."

அவர் என்னைப் பார்த்தார், மாலை போட்ட பெட்டியைப் பார்த்தார். "எடு" என்றார். ஒரு நாற்காலி போடச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

வெளியே நாற்பது இருட்டுத் திரைகளுக்கு முன்னால் நாற்பது பேர். குணா ஒவ்வொரு மூன்று நிமிடமும் வந்தார்.

"போன வருசம் அஞ்சு நிமிசத்துல வந்துச்சே மேடம்."

"போன வருசம் இருந்தது வேற."

"நல்ல நேரம் போவுது."

"சுவிட்ச நல்ல நேரத்துல போட்டாச்சு. மீதி என் நேரம்."

முதலாளி சிரித்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

சர்வரின் சேமிப்பு வட்டை இணைத்தேன். உள்ளே நாற்பது அடைவுகள் (ஃபோல்டர்), பெயர் இல்லை, எண் மட்டும். எது யாருடையது என்று சொல்லும் சேவைதான் தூங்குகிறதே. செவ்வாய்க்கிழமை நோட்டைத் திறந்தேன். 31 – லூசி. அதைப் போய்ப் பார்த்தேன். மற்றவற்றில் ஒரு நாள் அழுக்கு, விரல் அளவு. 31இல் ஒன்பது மாதம். அளவைப் பார்த்ததுமே தெரிந்தது அதுதான் என்று.

நகல் எடுத்தேன். பதினெட்டு நிமிடம். நகலையும் மூலத்தையும் ஒப்பிட்டேன். ஒன்றே. இன்னொரு முறை ஒப்பிட்டேன். ஒன்றே. பிறகுதான் சேவையை எழுப்பினேன்.

10.04. நாற்பதும் எழுந்தன. வெளியே யாரோ விசிலடித்தார்கள்.

மதாம் லூசி தன் பெட்டியைப் போட்டிருக்கிறார். வெற்றுத் திரை. எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தவரை அவர் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் இல்லை.

"சுமதி. ஒண்ணுமே இல்ல."

"இங்க இருக்கு மதாம்." டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினேன். "நாளைக்குக் காலைல உங்க மேசைக்கு வந்துடும்."

"என் தப்பா?"

முதலாளி இருந்தார். குணா இருந்தார். வேலை இருக்கிறது என்று திரும்பிக்கொண்டேன்.

10 அக்., வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

நகல் வட்டை ஒரு சோதனைக் கணினியில் மாட்டித் திறந்தேன். இருபத்தாறு அடைவுகள், குடும்பப் பெயர்களில். ஒவ்வொன்றும் திறக்கிறது. மதாமுக்குப் பி டிரைவில் இடம் உண்டாக்கி எல்லாவற்றையும் அதில் போட்டேன். செவ்வாய் மதியம் அடித்து வட்டில் பதியாத ஒரு பக்கம் மட்டும் இல்லை. சொன்னேன்.

"போனா போவட்டும். அது நல்லா வரல." ஒவ்வொரு குடும்பமாகத் திறந்து எண்ணினார். இருபத்தாறு வந்ததும், "வுவாலா! இதோ, எல்லாம் இருக்குது" என்று கையைத் தட்டினார். உடனே பக்கத்து மேசைப் பிள்ளையைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். நல்ல அறிகுறி.

மூன்று மணிக்கு குணா ஒரு தாளோடு வந்தார். முதலாளிக்குப் போகிற அறிக்கை. நடந்தது: சரியாகவே எழுதியிருந்தார். காரணம்: பணியாளர் விதிமுறையைப் பின்பற்றவில்லை. பரிந்துரை: மாத முடிவில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம். கீழே அவர் கையெழுத்து, அதன் கீழே எனக்கு ஒரு கோடு.

"டெக்னிகல் இன்சார்ஜ்னு உங்க கையெழுத்தும் வேணும் மேடம். திங்கக்கெழம சாருக்குப் போவணும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இருவத்தாறு கோப்பும் கைக்கு வந்தப்பறம் சொல்லிக்கலாம்."

வைத்துவிட்டுப் போங்கள், படித்துப் பார்க்கிறேன் என்றேன்.

மதாம் லூசிக்குப் பென்ஷன் இருக்கிறது. சோற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒருமுறை சொன்னார்: "வீட்டுல டிவிதாம்மா பேசுது. நான் பதில் சொன்னா அதுக்குக் கேக்கறதில்ல." காலை எட்டரைக்கே வந்துவிடுவார், மற்றவர்களுக்கு ஒன்பதரை.

தாள் கைப்பையில். கண்ணாடிக் கடைக்கு இன்றும் போகவில்லை.

11 அக்., சனி

நேற்று இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால்: தாளில் இருப்பது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அவர் விதிமுறையைப் பின்பற்றவில்லைதான். ஸ்கிரிப்டை நான் நேற்றே திருத்திவிட்டேன். பழைய வரி இருப்பது என் வீட்டுக் காகிதக் கோப்பில் மட்டும்.

இருபத்திரண்டு வருட வேலை. மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் பதிவைக் காட்டு என்று கேட்டே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். சப்ளையரிடம், குணாவிடம், அழுகிற புதியவர்களிடம்.

காலையில் அச்செடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். குணாவின் மேசையில் அவருடைய தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எந்த வரி, என்ன செய்கிறது, எப்போது எழுதியது, எட்டுப் பேருக்குக் கையால் சரிசெய்தது, எல்லாம் சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"மேடம், இந்த ஸ்கிரிப்ட யாரு படிக்கப்போறா?"

"நான் படிச்சிட்டேன்."

"சாருக்கு உங்க மேல ஒரு மதிப்பு. வியாழக்கெழம அவரு அசந்துட்டாரு. இப்ப போயி ஏன் கெடுத்துக்கறீங்க?"

"மதாம் பேர அந்த எடத்துலேர்ந்து எடுங்க. இல்லனா நான் வேற தாள் எழுதறேன்."

"நீங்களே எழுதிக்கோங்க மேடம்." கொஞ்சம் கோபம். கொஞ்சம் நிம்மதியும், எனக்குத் தோன்றியது. இன்னொருவர் வேலையைப் பறிக்கிற தாளில் தனியாகக் கையெழுத்துப் போட அவருக்கும் பிடிக்கவில்லை.

எழுதினேன். தமிழில், அரைப் பக்கம். காரணம்: ஒப்பந்த ஊழியர் கணக்குகளை உருவாக்கும் ஸ்கிரிப்டில் என் பிழை. அறிவிப்பை மொழிபெயர்ப்பாளர்களுக்குப் புரியும் மொழியில் அனுப்பாததும் என் பிழை. பழைய வரி இணைப்பில். மதாம் லூசியின் மேல் தவறில்லை. கையெழுத்து, தேதி.

பிறகு மதாமின் மேசைக்குப் போனேன். வியாழக்கிழமை கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். முழுவதும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மே நோன்! அநியாயம்! ரெண்டு நாளா நான் தூங்கல தெரியுமா? கிழவி கெடுத்துட்டேன்னு."

"தெரியும் மதாம்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

மதாம் என்னைப் பார்க்காமல் தட்டச்சு செய்தார். பிறகு, திரும்பாமலே: "பொரி பொட்டலம் ஒண்ணு மிச்சம் இருக்குது. நாய் தின்னல. உனக்கு வேணுமா?"

வாங்கிக்கொண்டேன். நமுத்திருந்தது. முழுவதும் தின்றேன்.

13 அக்., திங்கள்

இரவெல்லாம் மழை. புஸ்ஸி வீதியில் தண்ணீர். ஸ்கூட்டி வேண்டாமென்று பஸ்ஸில்.

– பதினோரு மணிக்கு வக்கீலின் ஆள் வந்தார். இருபத்தாறு கோப்பும் கொடுத்தாயிற்று. கையெழுத்து வாங்கியது மதாம் லூசி. பேனாவை அவரே கொடுத்து அவரே திருப்பி வாங்கிக்கொண்டார்.
– ஒப்பந்தக் கணக்கு ஸ்கிரிப்ட்: வெள்ளியன்று திருத்தியதற்குச் சோதனை, மறுபடி சோதனை. ஒன்பது பேருக்கும் இடம் உண்டு.
– தொடக்கக் காத்திருப்பு: ஐந்து விநாடியிலிருந்து முப்பது.
– புதுச் சர்க்குலர்: தமிழில் நான், பிரெஞ்சில் மதாம். என்னுடையதில் இரண்டு வாக்கியம் நீளம் என்று அடித்துவிட்டார்.

பன்னிரண்டுக்கு முதலாளி கூப்பிட்டார். என் அரைப் பக்கம் மேசையில். படித்து முடித்திருந்தார்.

"அடுத்த வருசம் பூசைக்கு இத நிறுத்தலாமா கூடாதா?"

"நிறுத்தலாம் சார். நிறுத்தி எழுப்பினாதான் இந்த மாதிரி தெரிய வருது."

"சரி." மதாமின் ஒப்பந்தத்தில் ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டு ஒதுக்கி வைத்தார். பிறகு இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார். கவனக்குறைவுக்கு மெமோ. இருபத்திரண்டு வருடத்தில் முதல். "போடாம விட்டா நாளைக்கு வேற ஒருத்தனுக்குப் போட முடியாது" என்றார்.

"சரிதான் சார்."

படித்துப் பார்த்தேன். வாசகம் சரியாக இருந்தது. தேதி ஒரு நாள் தவறு. சொன்னேன். திருத்திக் கொடுத்தார். வாங்கிக் கோப்பில் வைத்தாயிற்று.

சாயங்காலம் ஐந்தரை. மதாம் லூசி வாழ்க்கையில் முதல் முறையாக லாக்-ஆஃப் செய்தார். நான் என் அறையில் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். 31 – காலி. வந்து கதவருகில் நின்றார், குடையோடு.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு மதாம்."

"நாளைக்கு வரும்ல?"

"திரை காலியா வரும். குடும்பமெல்லாம் பி டிரைவ்ல இருக்கும்."

யோசித்தார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எதுக்கும் ஒரு தாள்ல எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு.